38 வயதில் வேலையை விட்டு விமானிப் பயிற்சி: எங்கெங்கே மாட்டிக்கொள்வோம்?

கோவை_வானம் எழுதியது:

வணக்கம். வயது 38. மெக்கானிக்கல் பி.இ., கோவையில் பம்பு தொழிற்சாலை ஒன்றில் டிசைன் பிரிவு. கைக்கு வருவது மாதம் 1,30,000. மனைவியின் சம்பளம் 55,000. மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டுச் செலவு 60,000, அதுபோக வீட்டுக் கடன் தவணை 26,000, அசலில் இன்னும் 22 லட்சம் பாக்கி. எஃப்டி, பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 42 லட்சம் தேறும்.

சிபிஎல் (வர்த்தக விமானி உரிமம்) எடுத்து ஏர்லைனில் சேர வேண்டும் என்ற எண்ணம் பல வருடமாக இருக்கிறது. பயிற்சி நிறுவனத்தில் கேட்டால் "18 மாதம், 60 லட்சம், முடித்ததும் வேலை" என்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.5 கண்ணாடி. பிரஷர் இல்லை. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1.

ஊக்கம் கொடுக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். இந்த வயதில் இறங்குகிறவர்கள் எந்த இடத்தில், என்ன காரணத்தால் நின்றுபோகிறார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லுங்கள்.

---

விண்ட்சாக் எழுதியது:

மெடிக்கலில் இருந்து தொடங்குங்கள் சார். அது கிடைக்காவிட்டால் மற்ற எந்தக் கணக்குக்கும் வேலையில்லை.

முதலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, அதாவது மாணவர் விமானிக்கான மருத்துவச் சான்று. அது டிஜிசிஏவின் இஜிசிஏ இணையதளத்தில் ஏறி உங்களுக்கு ஒரு ஃபைல் எண் வந்த பிறகுதான் வர்த்தக விமானிக்கான கிளாஸ் 1-க்குப் போக முடியும். முதல் முறை கிளாஸ் 1 எடுப்பதற்குக் குறிப்பிட்ட மையங்கள்தான் உண்டு. விமானப்படையின் மருத்துவ மையங்களான பெங்களூர் ஐஏஎம், டெல்லி ஏஎஃப்சிஎம்இ, இவை போக டிஜிசிஏ பட்டியலில் உள்ள சில மருத்துவமனைகள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு முழுப் பயிற்சிச் செலவோடு ஒப்பிட்டால் தூசு. வேலையில் இருந்துகொண்டே, நாலு நாள் லீவில் முடித்துவிடலாம். கிளாஸ் 1 கையில் வரும் வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கட்டாதீர்கள். கிளாஸ் 2 வைத்துப் பறக்க ஆரம்பித்து, 100 மணிநேரம் முடித்தபின் கிளாஸ் 1-ல் நின்றுபோனவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வருவதில்லை.

உங்கள் கண்ணாடியால் பிரச்சினை இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். கண்ணாடி போட்டுத்தான் பறக்க வேண்டும், உபரி ஜோடி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று சான்றிதழில் எழுதிக் கொடுப்பார்கள். நிறப்பார்வை வேறு சங்கதி. புள்ளிகளுக்குள் எண் தெரியும் இஷிஹாரா அட்டையை உள்ளூர் கண் மருத்துவரிடம் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது, பயிற்சியால் மாறாது.

உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது சர்க்கரை. 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் உங்களைத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் தேர்வன்று வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தம் எடுப்பார்கள். அளவு மீறினால் 'டெம்பரரி அன்ஃபிட்', சில மாதம் கழித்து மறுபடி வா என்பார்கள். இன்சுலின் போடுகிறவருக்குக் கிளாஸ் 1 கிடையாது. காரணம் சர்க்கரை கூடுவதல்ல, மருந்தால் திடீரென்று குறைந்து, ஓட்டுகிறவர் இருக்கையிலேயே நினைவு தடுமாறும் ஆபத்து. அதனால்தான் சர்க்கரையை அப்படித் தாழ்த்தாத மாத்திரைகளில் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு நிபந்தனையோடு இடம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு விதமாகவும் இதைப் பாருங்கள். கிளாஸ் 1 ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைக்கும் காகிதம் இல்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், 60 தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறை. வயதுக்கேற்ப ஈசிஜியோடு டிரெட்மில் டெஸ்ட்டும் சேரும். 20 வயதில் சேர்கிறவருக்கு இதயமும் சர்க்கரையும் 25 வருடம் கழித்து வரும் கேள்வி. உங்களுக்குக் கடன் தவணை தொடங்கும் அதே வருடங்களில் வரும் கேள்வி. மூன்று மாதம் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தி, ஹெச்பிஏ1சி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டு மெடிக்கலுக்குப் போங்கள். அப்பா, அம்மாவுக்கு 50-க்குள் சர்க்கரையோ மாரடைப்போ வந்திருந்தால் அதையும் எடை போடுங்கள்.

எதையும் மறைக்காதீர்கள். பழைய வலிப்பு, மயக்கம், மனநல மருந்து எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் நோயைவிடப் பொய்தான் பெரிய குற்றமாக நிற்கும்.

---

ஓடுபாதை_சேலம் எழுதியது:

"18 மாதம்" என்பது எப்போது உண்மை, எப்போது இல்லை என்று சொல்கிறேன்.

சிபிஎல்-க்கு 200 மணிநேரம். அதில் 100 மணிநேரம் நீங்களே பைலட்-இன்-கமாண்ட் (பிஐசி, விமானத்துக்குப் பொறுப்பான விமானி). அந்த 100-க்குள் 20 மணிநேரம் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது), அதில் ஒன்று 300 நாட்டிகல் மைல், வழியில் இரண்டு வேறு விமானதளங்களில் முழுதாக இறங்கி நின்று கிளம்ப வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) 10 மணிநேரம், அதில் 5-க்கு மேல் சிமுலேட்டரில் காட்ட முடியாது. இரவில் 5 மணிநேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங்.

தாமதம் எங்கே வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. பள்ளியில் 60 மாணவர்கள், பறக்கும் நிலையில் 5 விமானங்கள், ஒவ்வொன்றும் மாதம் 80 மணிநேரம் என்று வையுங்கள். மொத்தம் 400 மணிநேரம். ஆளுக்கு மாதம் 6.7. அந்த வேகத்தில் 200 மணிநேரம் முடிய 30 மாதம். அதே 5 விமானங்களுக்கு 25 மாணவர்கள் என்றால் ஆளுக்கு 16 மணிநேரம், ஒரு வருடத்தில் முடியும். எத்தனை விமானம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஹேங்கரில் இன்ஜின் இல்லாமல் நிற்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். "இன்று காலை எத்தனை பறந்தது?" என்று கேளுங்கள். இன்னும் நல்லது, போன பேட்ச் மாணவர் நால்வரின் லாக்புக்கை (பறந்த மணிநேரம் எழுதும் குறிப்பேடு) பார்ப்பது. முதல் பறப்பின் தேதி, 200-வது மணியின் தேதி. அதைவிட நேர்மையான விளம்பரம் இல்லை.

வானிலையும் இடத்தைப் பொறுத்தது. மகாராஷ்டிராவில் பாராமதி, கோண்டியா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம். உ.பி.யின் ஃபுர்சத்கஞ்சில் டிசம்பர், ஜனவரி மூடுபனி. நம் சேலத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. எந்த ஊரானாலும் வருடத்தில் இரண்டு, மூன்று மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். தளத்தில் இரவு விளக்கு வசதி உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் இரவுப் பறப்புக்காக வேறு ஊர் போய்க் காத்திருக்க நேரும்.

இப்போது பலருக்கும் அடிபடும் இடம். 200 மணிநேரம் முடிந்துவிடும், ஆனால் டிஜிசிஏ எழுத்துத் தேர்வில் பேப்பர் ஒன்று பாக்கி இருக்கும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் குறைந்தது 15 மணிநேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. பேப்பர் தள்ளிப்போனால் அந்தக் கெடு தாண்டிவிடும். மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும், ஸ்கில் டெஸ்ட்டும் (தேர்வாளர் முன் பறந்து காட்டுவது) திரும்ப வரலாம். இப்படி இரண்டு சுற்று சுற்றினால் சில லட்சங்கள் போய்விடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் தேவை. ஸ்பெசிஃபிக் நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தைப் பொறுத்தது, அதைப் பள்ளியில் சேர்ந்தபின் எழுதலாம். மற்ற நான்கையும் வேலையில் இருந்துகொண்டே எழுதிவிடலாம். மெக்கானிக்கல் படித்தவருக்கு டெக்னிக்கலும் மீட்டியராலஜியும் கஷ்டமில்லை. நேவிகேஷனில்தான் தெரிந்தவர்களும் நேரம் போதாமல் தவறுகிறார்கள். ஃப்ளைட் கம்ப்யூட்டர் எனும் வட்டக் கணக்குத் தட்டை விரல் பழகும் வரை சுற்ற வேண்டும். ஆர்டிஆர் ரேடியோ தேர்வு முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அதை டிஜிசிஏ பக்கம் கொண்டுவந்துவிட்டது. பாஸ் செய்த பேப்பர்களுக்கும் காலாவதி உண்டு என்பதால் ரொம்ப முன்கூட்டியும் எழுதிவிடாதீர்கள்.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் உண்டுதானே? டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கும்போது மதிப்பெண் பட்டியலுக்குப் போர்டின் சரிபார்ப்பு கேட்பார்கள். பழைய சான்றிதழ் என்றால் இதற்கே வாரக்கணக்கில் ஆகும். இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். தள்ளுபடி தருகிறோம் என்றாலும் வேண்டாம். 20 அல்லது 25 மணிநேரத்துக்கு ஒருமுறை கட்டுவது, பாதியில் விலகினால் பறக்காத மணிநேரத்துக்கு எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது, இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பள்ளி மூடினால் முழுத்தொகை கட்டியவர்தான் நடுத்தெருவில் நிற்பார். 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. சேரும் முன் அதைப் பாருங்கள், ஆனால் லாக்புக்கைப் பார்த்த பிறகு பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை ரூபாயில் வைக்கிறேன். மணிக்கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். நான் போடுவது நடுத்தரமான எண்கள், உங்களுக்குக் கிடைக்கும் விலைப்பட்டியலை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒற்றை இன்ஜினில் 185 மணிநேரம், மணிக்கு 19,000 என்றால் 35.15 லட்சம். இரட்டை இன்ஜினில் 15 மணிநேரம், மணிக்கு 50,000 என்றால் 7.5 லட்சம். கிரவுண்ட் வகுப்பு (தியரிப் பாடம்) 3 லட்சம். விடுதியும் சாப்பாடும் 14 மாதம், மாதம் 18,000, ஆக 2.52 லட்சம். மெடிக்கல், தேர்வுக் கட்டணம், ஹெட்செட், பயணம் எல்லாம் 2 லட்சம். மொத்தம் 50 லட்சம். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 54-வது ஜிஎஸ்டி கவுன்சிலில் 2024-ல் தெளிவாக்கிவிட்டார்கள். ரசீதில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஏர்லைனுக்கான ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டத் தனித் தகுதி), சுமார் 18 லட்சம். பள்ளி சொல்லும் 60 லட்சத்தில் இது சேர்ந்ததா இல்லையா என்று எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் சேராது.

அடுத்து விலைப்பட்டியலில் யாரும் போடாத செலவுகள். சிபிஎல் வந்ததற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவே காத்திருக்கும் காலம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி) ஒரு வருடம்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க வேண்டும், கை மறக்காமல் இருக்க அவ்வப்போது பறக்க வேண்டும், மெடிக்கலும் திரும்ப வரும். வருடத்துக்கு 4 லட்சம் ஒதுக்குங்கள். பிறகு வீடு. மனைவி சம்பளம் 55,000, செலவும் தவணையும் 86,000. மாதம் 31,000 துண்டு விழுகிறது. 30 மாதத்துக்கு 9.3 லட்சம். பறப்பில் கூடுதல் மணிநேரம், மறுதேர்வு என்று 8 லட்சம் கையிருப்பு.

50, 18, 4, 9.3, 8. கூட்டினால் 89.3 லட்சம். இதில் நீங்கள் இழக்கும் சம்பளம், வீட்டுத் துண்டான 9.3 தவிர, சேரவில்லை. 30 மாதத்துக்கு முழுச் சம்பளம் 39 லட்சம்.

கையில் உள்ள 42 லட்சத்தில் 6 லட்சத்தை அவசரத்துக்கு வைத்துவிட்டால் 36. கடன் 53, 54 லட்சம் வேண்டியிருக்கும். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கும். உங்கள் வீடு ஏற்கெனவே ஒரு வங்கியிடம் இருக்கிறது. ஆகவே கடன் கிடைக்கும் என்று முன்கூட்டி எழுதிக்கொள்ளாதீர்கள், வங்கியிடம் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டுத்தான் ராஜினாமா. 54 லட்சம், 11 சதவீதம், 10 வருடம் என்றால் தவணை 74,400. பயிற்சிக் காலத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால், முழுத்தொகையும் எடுத்தபின் வருடத்துக்கு 5.94 லட்சம் அசலோடு சேரும். பழைய வரி முறையில் இருந்தால் கல்விக்கடன் வட்டிக்கு 8 வருடம் கழிவு உண்டு.

பிஎஃப் பணத்தையும் உடனே வரும் காசாக எண்ணாதீர்கள். வேலையை விட்டபின் முழுத்தொகையையும் எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக்க 2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஒரு பகுதி முதலில் வரும், மீதி பின்னால்.

சேர்ந்தவுடன் பெரிய சம்பளம் வந்துவிடாது. டைப் ரேட்டிங், லைன் டிரெய்னிங் (பயணிகள் விமானத்திலேயே நடக்கும் பயிற்சி) முடிந்து முழு ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானி) விடும்வரை உதவித்தொகை அளவில்தான் வரும். உங்கள் வீட்டுக்கு அப்போது தேவை 60,000, வீட்டுத் தவணை 26,000, கல்வித் தவணை 74,400, ஆக மாதம் 1,60,400. மனைவி சம்பளம் போக 1,05,400 நீங்கள் கொண்டுவர வேண்டும். இறுக்கமான வருடம் பயிற்சி வருடம் அல்ல, இந்த வருடம்தான்.

காப்பீட்டையும் பாருங்கள். தனிநபர் விபத்துப் பாலிசிகள் பலவற்றில் கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் பறந்தால் இழப்பீடு இல்லை என்று ஒரு வரி இருக்கும். டேர்ம் பாலிசி நிறுவனத்துக்குத் தொழில் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். வேலை கிடைத்தபின் உரிமம் இழப்புக் காப்பீடு அவசியம். ஏற்கெனவே இருந்த நோய்க்கு அது பொருந்தாது என்பதால் சர்க்கரை வருமுன் எடுப்பதற்கும் வந்தபின் எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

---

கோவை_வானம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிளஸ் டூவில் இரண்டு பாடமும் உண்டு. கணக்குப்பிள்ளை அவர்களே, 60 என்று நினைத்தது 90-ல் நிற்கிறது, மனைவியிடம் அப்படியே காட்டினேன்.

அமெரிக்காவில் 10 மாதத்தில் முடிக்கலாம் என்கிறார்களே, இந்த வயதில் அது நேரத்தை மிச்சப்படுத்துமா? 40 வயதில் சிபிஎல் வைத்திருப்பவரை ஏர்லைன் எடுக்குமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

டெயில்விண்ட் எழுதியது:

அமெரிக்காவில் வேகம் உண்மைதான். வானிலை, விமான எண்ணிக்கை, தேர்வாளர் கிடைப்பது எல்லாம் சாதகம். ஆனால் திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்றும்போது சிக்கும் இடம் லாக்புக்.

அங்கே உரிமம் பெற்ற ஒருவர் பயிற்றுநரோடு பறக்கும்போதும், கட்டுப்பாடு தன் கையில் இருந்தால் அதைப் பிஐசி என்று எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. இரண்டு பேர் ஒரே விமானத்தில் ஏறி, ஒருவர் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்க்க, அந்த ஒரு மணிநேரத்தை இருவருமே எழுதிக்கொள்வதும் உண்டு. இந்தியாவில் பயிற்றுநரோடு பறந்தது டூயல் (இருவர் பறப்பு) கணக்குதான், பிஐசி ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் 200 மணிநேரம் முடித்து வந்தவருக்கு 100 மணி பிஐசி தேறாமல் போகும். இங்கே வந்து மறுபடி பறக்க வேண்டும். போவதற்கு முன்பே டிஜிசிஏ பட்டியலைத் தாளில் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் அங்குள்ள பள்ளியோடு பேசி முடிக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தியக் கிளாஸ் 1-ஐ இங்கேயே வாங்கிவிட்டுப் போங்கள், தியரி பேப்பர்களையும் இங்கேயே முடித்துவிடுங்கள். அமெரிக்க மெடிக்கல் இந்திய உரிமத்துக்கு உதவாது. எம்-1 எனும் தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் வேலை செய்து சம்பாதிக்க முடியாது. கட்டணம் டாலரில், உங்கள் கடன் ரூபாயில், நடுவில் மாற்று விகிதம் நகர்ந்தால் அதுவும் உங்கள் தலையில். வந்தபின் அங்குள்ள அதிகாரிகளிடமிருந்து உரிமச் சரிபார்ப்பு வர வேண்டும், இங்கே ஸ்கில் டெஸ்ட் பறக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் 10 மாதம் என்பது 16, 18 மாதமாக நீள்வது சாதாரணம். குடும்பத்தை விட்டு அத்தனை நாள் இருக்க வேண்டியதையும் சேர்த்தால், உங்கள் நிலைமைக்கு இந்தியாவில் மாணவர் குறைவான நல்ல பள்ளியே மேல் என்பது என் கருத்து.

எங்கேயானாலும், பறக்காத மணிநேரத்தை எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் விவகாரத்தில் உரிமம் ரத்தாகிக் கைதானவர்கள் உண்டு. குற்றம் என்பது ஒருபக்கம். காற்று குறுக்கே அடிக்கும் ஓடுபாதையில் பின்னால் 180 பேரோடு இறங்கும்போது, பறக்காத அந்த மணிநேரம் கைக்கு வராது.

---

ரெட்_ஐ எழுதியது:

வேலைவாய்ப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி.

விமானி பற்றாக்குறை என்று செய்தியில் படிப்பது பெரும்பாலும் கேப்டன் பற்றாக்குறை. டைப் ரேட்டிங்கும் ஆயிரக்கணக்கான மணிநேரமும் உள்ளவருக்கு ஏர்லைன்கள் வெளிநாட்டிலிருந்துகூட ஆள் எடுக்கின்றன. 200 மணிநேரக்காரருக்கு அந்தப் பற்றாக்குறை நேரடியாக உதவாது. டிஜிசிஏ 2022-ல் 1,165 சிபிஎல் கொடுத்தது, 2023-ல் 1,622. இவர்கள் எல்லோரும் உங்களோடு வரிசையில் நிற்பவர்கள், பெரும்பாலோர் 20 முதல் 25 வயது.

சட்டத்தில் தடை இல்லை. 65 வரை வர்த்தக விமானம் ஓட்டலாம். தடை ஏர்லைன்களின் அறிவிப்பில்தான் இருக்கிறது. கேடட் திட்டங்களில் (ஏர்லைனே ஆளெடுத்துப் பயிற்சி கொடுப்பது) வயது உச்சவரம்பு பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே இருக்கும், அந்தக் கதவு உங்களுக்கு இப்போதே மூடியது. டைப் ரேட்டிங் இல்லாத புதியவர்களை எடுக்கும் அறிவிப்புகளிலும் வயது வரி ஒன்று இருக்கும். ஏர்லைன் பக்கத்து நியாயம் எளிது. பயிற்சிக்குப் போட்ட பணம் திரும்பி, அதற்குமேல் எத்தனை வருடம் கேப்டனாக ஓட்டுவார் என்று பார்க்கிறார்கள். கடந்த மூன்று வருட அறிவிப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் உச்ச வயது என்ன, எந்த மாதம் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் 40 வயதுக்காரர் விண்ணப்பிக்கக்கூடியது எத்தனை? அந்த எண்தான் உங்கள் உண்மையான சந்தை. ஒன்றோ இரண்டோ மட்டும் தேறினால் 90 லட்சம் போட வேண்டாம் என்பேன்.

வேலை உறுதி இல்லாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். ரேட்டிங் வாங்கிய நாளிலிருந்து பழையதாகிக்கொண்டே போகும், உயிரோடு வைக்க மறுபடி சிமுலேட்டர் செலவு. எந்த விமானம் என்பதிலும் சூதாட்டம் உண்டு. 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றன. ஒவ்வொரு முறையும் அதே ரகத்தில் அனுபவம் உள்ளவர்கள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தார்கள். அந்த மாதங்களில் புதியவரின் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இது திறமையோடு சம்பந்தப்பட்டதே இல்லை, சேரும் நேரம் அப்படி.

பலரும் யோசிக்காத ஒரு வழி பயிற்றுநர் ஆவது. சிபிஎல் முடித்து உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்தால் பறக்கும் பள்ளிகளிலேயே வேலை உண்டு, அங்கே பயிற்றுநர் தட்டுப்பாடு நிஜம். மணிநேரம் உங்கள் செலவில்லாமல் ஏறும், ரேட்டிங்குகளும் உயிரோடு இருக்கும். சம்பளம் ஏர்லைன் அளவு வராது. ஆனால் சொல்லிக்கொடுக்கும் பொறுமை 40 வயதுக்காரரிடம் கூடுதலாக இருக்கும், வயது குறையாகத் தெரியாத இடம் அது.

சேர்ந்தபின் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் (பணிக்கு அடிப்படையான ஊர்), லீவு, கேப்டன் பதவி உயர்வு எல்லாம் சீனியாரிட்டி. அது வயதைப் பார்க்காது, சேர்ந்த தேதியைப் பார்க்கும். 41-ல் சேர்ந்தால் தீபாவளி, பொங்கலுக்கு உங்களைவிட 15 வயது இளையவர் லீவில் போக, நீங்கள் டெல்லியில் ஹோட்டல் அறையில் இருப்பீர்கள். கோவை பேஸாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கேப்டனுக்குத் தேவையான உரிமமான ஏடிபிஎல்-க்கு 1,500 மணிநேரம் வேண்டும், கேப்டன் ஆக ஏர்லைன் அதற்குமேலும் கேட்கும். எல்லாம் நன்றாக நடந்தால் 48 வாக்கில் கேப்டன், 65 வரை 17 வருடம். அந்தப் பதினேழு வருடம்தான் போட்டதைத் திரும்ப எடுக்கும் காலம். ஒரு ஏர்லைனை விட்டு இன்னொன்றுக்கு மாற ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதமும் கேப்டனுக்கு ஒரு வருடமும் நோட்டீஸ் என்று 2017-ல் டிஜிசிஏ விதித்தது, பாண்ட் அதற்குத் தனி.

தூக்கம். புதிய பணிநேர விதிகளில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது, இரவு என்பது 12 மணி முதல் காலை 6 வரை நீண்டது, இரவுத் தரையிறக்கம் 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. 2025 நவம்பரில் முழுதாக அமலான பிறகு டிசம்பரில் இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, தற்காலிகத் தளர்வு கொடுக்கப்பட்டது நினைவிருக்கும். விதி நம் உடம்புக்குச் சாதகமாகத்தான் நகர்கிறது. இருந்தாலும் விடிகாலை 3 மணிக்கு எழுந்து நாலு செக்டர் (ஊருக்கு ஊர் ஒரு பறப்பு) ஓட்டுவதை 25 வயது உடம்பு தாங்குவதுபோல் 45 தாங்காது. சர்க்கரை எல்லையில் இருப்பவருக்கு முறை தவறிய தூக்கமும் ஹோட்டல் சாப்பாடும் நல்லதல்ல. விண்ட்சாக் சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

கோவை_வானம் எழுதியது:

மனைவியும் நானும் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தோம். இப்போதைக்கு எடுத்த முடிவு: இந்த வாரம் இஷிஹாரா, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி, அது 5.9-க்குக் கீழே வந்தால் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. அதற்கிடையில் ரெட்_ஐ அண்ணா சொன்ன அறிவிப்புத் தாளைத் தயாரிக்கிறேன். வேலையை விடவில்லை.

ஒரே ஒரு கேள்வி. கிளாஸ் 1 கிடைத்து, தாளிலும் நம்பிக்கை தெரிந்தால், முழுதாகக் குதிக்கும் முன் எனக்குக் கை வருமா என்று சின்னச் செலவில் சோதிக்க வழி உண்டா?

---

ஓடுபாதை_சேலம் எழுதியது:

உண்டு. எஸ்பிஎல் (மாணவர் விமானி உரிமம்) எடுத்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியில் 15 மணிநேரம் மட்டும் பறங்கள். 19,000 வீதம் 2.85 லட்சம். வாரக் கடைசியில் மட்டும் என்று பிரித்தால் ஒவ்வொரு முறையும் முந்தைய பாடம் மறந்து மணிநேரம் வீணாகும். மூன்று வாரம் தொடர்ச்சியாக லீவு போட்டுப் போங்கள், ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரை காலை நேரம் சேலத்தில் நன்றாக இருக்கும். இந்த மணிநேரம் பின்னால் 200-ல் கணக்கில் சேரும், வீணாகாது.

சோலோ (பயிற்றுநர் இல்லாமல் தனியாக) போகவில்லை என்று கவலைப்படாதீர்கள், 15 மணிக்குள் போகாதவர்கள் நிறையப் பேர். பார்க்க வேண்டியது வேறு. சர்க்யூட்டில் (ஓடுபாதையைச் சுற்றி) பறந்துகொண்டே ரேடியோவில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? பயிற்றுநர் ஒருமுறை திருத்திய தவறு மூன்றாவது பறப்பில் மறைகிறதா? இறங்கும்போது வேகமும் உயரமும் சரியில்லை என்றால், சமாளித்துவிடலாம் என்று தொடராமல் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போகிறீர்களா? ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் இந்த மூன்றையும் பயிற்றுநரிடம் கேட்டு உங்கள் நோட்டில் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்தாவது மணியில் இன்னொரு பயிற்றுநரோடு ஒருமுறை பறந்து, அவர் தனியாக என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள். பள்ளியில் சேர்க்க ஆசைப்படுகிறவரைவிட, உங்களை அன்றுதான் முதல்முறை பார்க்கிறவர் சொல்வது சரியாக இருக்கும்.